வாளியும் குவளையும் போதும்: சிறு குழந்தையை அழவிடாமல் குளிப்பாட்டும் வழி

குழந்தைக் குளியல் என்று தேடினால் வரும் படங்களில் எல்லாம் ஒரு வெள்ளைத் தொட்டி இருக்கும். அதில் மஞ்சள் வாத்து மிதக்கும். குழந்தை கழுத்தளவு நுரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அந்தத் தொட்டி கிடையாது. நான்கடிக்கு ஆறடியில் ஒரு குளியலறை, அதிலும் ஒரு மூலையை வாஷிங் மெஷின் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வாளி, ஒரு பிளாஸ்டிக் குவளை, கூடவே லாரித் தண்ணீர் நாளை வருமா என்ற யோசனை. இந்தக் கட்டுரை அந்தக் குளியலறைக்காக எழுதப்பட்டது. ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டும் பொறுப்பு புதிதாக வந்து சேர்ந்த அப்பா, அம்மா, சித்தி, மாமா எவரும் படிக்கலாம். தலை நிற்காத கைக்குழந்தையின் குளியல் வேறு கலை. அதை இங்கே எடுக்கவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளியலறையில் குழந்தைக்கு வேடிக்கை காட்டத் தேவையில்லை, வேலை கொடுத்தால் போதும். கைபேசியில் பாட்டு ஓடவிடுவதோ, வாசலில் ஒருவர் நின்று பொம்மலாட்டம் நடத்துவதோ நாலு நாளைக்குத்தான் தாங்கும். குழந்தை பெரும்பாலும் தண்ணீருக்காக அழுவதில்லை. பின்னாலிருந்து ஒருவர் சொல்லாமல் தலையில் ஊற்றுகிறார், கையைப் பிடித்து இழுத்துத் தேய்க்கிறார், கண்ணில் சோப்பு போகிறது, நடப்பது எதிலும் தனக்குப் பங்கில்லை என்பதற்காக அழுகிறது. குவளையை அதன் கையில் கொடுத்துப் பாருங்கள், பாதி அழுகை நின்றுவிடும். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

குழந்தை உள்ளே வருவதற்கு முன்

துண்டு, மாற்றுத் துணி, சோப்பு, ஷாம்பு, விளையாட்டுச் சாமான் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இது வசதிக்காகச் சொல்வதல்ல. குழந்தை உள்ளே வந்தபின் நீங்கள் வெளியே போக முடியாது. துண்டை மறந்துவிட்டால் ஈரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்து வாருங்கள். ‘ஒரு நிமிடம் இரு, வந்துவிடுகிறேன்’ என்பது இந்த அறையில் சொல்லக்கூடாத வாக்கியம். நடை பழகும் வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் அந்தக் குழந்தையால் தானாக நிமிர முடியாது. மூக்கும் வாயும் மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். கத்தவும் முடியாது என்பதால் வெளியே இருப்பவருக்கு எதுவும் கேட்காது. அழைப்பு மணி அடித்தாலும் கைபேசி அடித்தாலும் அடிக்கட்டும். அண்ணனையோ அக்காவையோ காவல் வைத்துவிட்டுப் போவதும் கூடாது. ஆறு வயதுப் பிள்ளையும் பிள்ளைதான்.

அடுத்தது வெந்நீர். வாளியில் முதலில் குளிர்ந்த நீர், அதன்மேல் வெந்நீர். இந்த வரிசையை ஒருநாளும் மாற்றாதீர்கள். வெந்நீரைப் பிடித்து வைத்துவிட்டுக் குழாயைத் திருப்பும் நேரத்தில்தான் சின்னக் கை உள்ளே போகும். கலந்தபின் அடிவரை கையால் கலக்கி, முழங்கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை சூட்டுக்குப் பழகிப்போனது, அதை நம்ப வேண்டாம். முழங்கைக்குச் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் சரியான பதம். வெப்பமானி இருந்தால் 37, 38 டிகிரி செல்சியஸ் காட்டும். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். கீசரில் வெப்பத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் 50 டிகிரிக்குக் கீழே வைத்துவிடுங்கள். மாடியில் சோலார் ஹீட்டர் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை, வெயில் காலத்தில் பிற்பகல் குழாயில் வருவது கொதிநீர்தான். வாளியில் போடும் ஹீட்டர் ராடு இருக்கிற வீடு என்றால், தண்ணீர் காயும் அறையில் குழந்தைக்கு அனுமதியே இல்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை உயரத்தில் மாட்டிய பிறகுதான் கதவு திறக்க வேண்டும். தப்பித் தவறி வெந்நீர் பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் ஓடவிட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். பற்பசை, மஞ்சள், பேனா மை எதுவும் வேண்டாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். உட்புறத் தாழ்ப்பாளைக் குழந்தை போட்டுக்கொள்ள முடியாதபடி கதவின் மேல்விளிம்பில் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள், கதவு முழுதாகச் சாத்தாது. தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள். டைல்ஸும் சோப்பு நீரும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே ஆபத்து.

எப்போது, எப்படிக் கூப்பிடுவது

பசியில் இருக்கும் குழந்தையையும் தூக்கம் கண்ணைச் சுழற்றும் குழந்தையையும் எந்த விளையாட்டாலும் சமாளிக்க முடியாது. சாப்பிட்ட உடனேயும் சரிப்படாது, அரை மணி நேரமாவது போகட்டும். காலை அவசரத்தில் எட்டு மணி வேனுக்கு முன் குளிப்பாட்டியே ஆக வேண்டிய வீடுகளில் விளையாட்டை மாலைக் குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்று நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துவிட்டால் இரண்டுமே ஒழுங்காக நடக்கும்.

‘குளிக்கலாமா?’ என்று கேட்காதீர்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. ‘இன்றைக்குக் குளிக்க யார் வருகிறார்கள், யானையா, கிண்ணமா?’ என்று கேளுங்கள். குளிப்பது முடிவாகிவிட்டது, துணையைத் தேர்ந்தெடுப்பது மட்டும் குழந்தையின் பொறுப்பு. தின்பண்டம் தருவதாகச் சொல்லிக் கூப்பிடுவது பழைய தந்திரம். ஆழ்வார் பாசுரத்தில் யசோதையே கண்ணனை நீராட அழைக்கும்போது அப்பமும் சிற்றுண்டியும் சுட்டு வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள். ஆனால் தினமும் அப்பம் சுட யசோதைக்கு நேரம் இருந்திருக்கலாம், நமக்கு இல்லை. ஒருமுறை பிஸ்கட்டைக் காட்டிவிட்டால் மறுநாளும் காட்ட வேண்டும், அதற்கு மறுநாள் இரண்டு காட்ட வேண்டும்.

விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். ‘இந்தக் கட்டையை அடுக்கி முடித்ததும் குளியல்’ என்று ஒரு முன்னறிவிப்பு கொடுங்கள். அந்தக் கட்டை பொம்மையையே கூட உள்ளே எடுத்து வரச் சொல்லலாம், மரமாக இல்லாவிட்டால்.

இரண்டு பாத்திர ஏற்பாடு

தொட்டி இல்லாத குளியலறையின் ரகசியம் இதுதான். பெரிய வாளி உங்களுடையது. அது உங்கள் முதுகுக்குப் பின்னால் அல்லது பக்கவாட்டில், குழந்தை எட்டாத இடத்தில் இருக்கும். குழந்தைக்கென்று தனியாக ஓர் அகலமான பேசின் அல்லது அலுமினியத் தாம்பாளம்; அதில் மூன்று நான்கு குவளைத் தண்ணீர் மட்டும். குழந்தை குட்டி முக்காலியிலோ பலகையிலோ பேசினுக்கு எதிரே உட்காரட்டும். நீங்களும் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். குனிந்துகொண்டே குளிப்பாட்டினால் ஐந்தாவது நிமிடம் இடுப்பு பிடிக்கும், பத்தாவது நிமிடம் பொறுமை போகும்.

பேசினில் இருப்பது குழந்தையின் சொத்து. ஊற்றலாம், அடிக்கலாம், சிந்தலாம், உங்கள் மேலும் எறியலாம். எனவே நனைந்தால் பரவாயில்லை என்கிற உடையோடு போங்கள். இந்த ஏற்பாட்டில் தண்ணீர்ச் செலவும் கட்டுக்குள் இருக்கும். விளையாட்டுக்கு ஐந்து லிட்டர், குளிக்க ஒரு வாளி. குழாயைத் திறந்துவிட்டு விளையாடக் கற்றுக்கொண்ட குழந்தையை அதிலிருந்து மீட்பது பெரும்பாடு என்பதால் குழாயை நீங்கள் மட்டுமே தொடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் விளையாட்டு, பிறகு உடம்புக்குச் சோப்பு, கடைசியில் தலை. சோப்பை முதலில் போட்டுவிட்டால் பேசின் தண்ணீர் சோப்புத் தண்ணீராகிவிடும். குழந்தை அதை ஒரு வாயாவது குடிக்காமல் விடாது. சோப்பு நீரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் தோலும் வறளும், மென்மையான இடங்களில் எரிச்சலும் வரும்.

சமையலறையிலிருந்து எடுத்து வாருங்கள்

கடைக்குப் போக வேண்டியதில்லை. டீ வடிகட்டி, புனல், எவர்சில்வர் கிண்ணம், பிளாஸ்டிக் டம்ளர் இரண்டு, ஒரு கரண்டி. கண்ணாடியும் பீங்கானும் கூடாது. முழுதாக வாய்க்குள் போகக்கூடிய அளவில் உள்ள எதுவும், மூடி, காசு, கோலி, மூன்று வயது வரை உள்ளே வரக்கூடாது. எல்லாவற்றையும் ஒரேநாளில் கொட்டிவிடாதீர்கள். ஒருநாளைக்கு இரண்டு சாமான் போதும். பத்துப் பொருள் பரப்பி வைத்தால் குழந்தை ஒவ்வொன்றையும் எடுத்து எறிந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கும்.

ஒரு வயதுக்குழந்தைக்கு நிரப்புவதும் கவிழ்ப்பதுமே உலகம். ஒரு டம்ளரும் வடிகட்டியும் கொடுங்கள். டம்ளரில் நிற்கிற தண்ணீர் வடிகட்டியில் நிற்காமல் போவதை அது திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும். நமக்கு அலுப்பாக இருக்கும், அதற்கு இருக்காது. நனைத்த கைக்குட்டையைப் பிழியச் சொன்னால் இன்னும் சில நிமிடங்கள் ஓடும்.

இரண்டு வயதில் நம்மைப் பார்த்துச் செய்யும் ஆசை வரும். அப்போது குளிப்பாட்டும் வேலையைக் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் யானை, ஒரு துண்டு தேங்காய் நார். முதுமலை தெப்பக்காடு முகாமில் பாகன்கள் யானைகளை மோயாற்றில் படுக்கவைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நேரில் பார்த்த குழந்தைக்கு விளக்கமே வேண்டாம். பார்க்காத குழந்தைக்கு ஒரு படம் காட்டினால் போதும். ‘யானைக்குக் காதுக்குப் பின்னால் தேய்த்தாயிற்றா? காலைத் தூக்கச் சொல்’ என்று நீங்கள் சொல்ல, குழந்தை யானையைத் தேய்க்கும். அதே வரிசையில் நீங்கள் குழந்தையைத் தேய்த்துக்கொண்டே போகலாம். கோயிலுக்குப் போய்வரும் வீட்டுப் பிள்ளைகள் இதை அபிஷேகமாக மாற்றிவிடுவார்கள். முதல் குவளை பால், அடுத்தது தயிர், அடுத்தது தேன், பிறகு சந்தனம். எங்கள் வீட்டுச் சிறியவள் பொம்மைக்கு அபிஷேகம் முடித்துவிட்டு, ‘இப்போது எனக்கு’ என்று தானே தலையைக் கொடுப்பாள். தலைக்கு ஊற்ற இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?

மூன்று வயதுக்கு டீக்கடை. இரண்டு பிளாஸ்டிக் டம்ளரை வைத்துக்கொண்டு உயரத் தூக்கி ஆற்ற வேண்டும். கீழே சிந்தாமல் ஆற்றுவது எளிதல்ல, அதனால்தான் ஈர்ப்பு. ‘மாஸ்டர், ஒரு டீ, சர்க்கரை குறைவாக’ என்று நீங்கள் கேட்க வேண்டும், குடிப்பதுபோல் நடித்துவிட்டுக் காசும் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளராக நடிப்பதற்கிடையில் முதுகு, கால், விரலிடுக்கு எல்லாவற்றுக்கும் சோப்புப் போட்டுவிடலாம், மாஸ்டர் கவனிக்கமாட்டார்.

பாட்டில் மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில், சூடாக்கிய ஊசியால் எட்டுப் பத்துத் துளை போடுங்கள். இதைக் குழந்தை தூங்கும்போது செய்யுங்கள். வாளியில் அமிழ்த்தி நிரப்பித் தூக்கினால் மழை. பாட்டிலின் வாயைக் கட்டைவிரலால் இறுக்கி மூடினால் மழை சட்டென்று நின்றுவிடும், விரலை எடுத்தால் மறுபடி கொட்டும். மேலிருந்து காற்று உள்ளே புக வழி இல்லாதபோது, வெளிக்காற்றின் அழுத்தம் அந்தச் சிறு துளைகளில் தண்ணீரைத் தாங்கி நிறுத்திவிடுகிறது. குழந்தைக்கு இந்த விளக்கம் வேண்டாம், ‘நில்’ என்றால் நிற்கும் மழை போதும். ஷவருக்குப் பயப்படும் குழந்தைகளுக்கு இது நல்ல பழக்கம். மழையை முதலில் கையில் பெய்ய விடுங்கள், பிறகு தோளில், கடைசியில் தலையில். நிறுத்தும் அதிகாரம் குழந்தையிடம் இருக்கட்டும். அது ‘நில்’ என்றால் நீங்கள் விரலை வைத்தே ஆக வேண்டும். ஏமாற்றிவிட்டால் அந்த விளையாட்டு அன்றோடு முடிந்தது.

மூன்று, நான்கு வயதில் கேள்வி கேட்கும் குழந்தைகளுக்கு மிதப்பதும் மூழ்குவதும் நல்ல தீனி. எலுமிச்சம்பழம், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, ஒரு ஆரஞ்சு, ஸ்பூன், கிண்ணம். போடுவதற்கு முன் எது என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டும். உருளை மூழ்கும், கத்தரி மிதக்கும். ஆரஞ்சைத் தோலோடு போட்டால் மிதக்கும். உரித்துப் போட்டால் மூழ்கும், தோலில் அடைந்திருக்கும் காற்று போய்விட்டதால். எவர்சில்வர் ஸ்பூன் மூழ்க, அதே எவர்சில்வரில் செய்த கிண்ணம் மிதப்பதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும். வரட்டும், உடனே பதில் சொல்லிக் கெடுக்காதீர்கள். கிண்ணத்தில் ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் ஊற்றி எப்போது கவிழ்கிறது என்று அதுவே பார்க்கும். தேங்காய்ச் சிரட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, படகாகவும் ஆகும், கோப்பையாகவும் ஆகும். ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள்.

பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றைத் தண்ணீரில் தோய்த்துச் சுவரில் வரைய விடுவதும் நன்றாக ஓடும். உலர்ந்ததும் மறைந்துவிடும், திட்டும் தேவையில்லை.

தலைக்கு ஊற்றும்போது

எல்லாம் நன்றாகப் போய்க் கடைசியில் கெடுவது இங்கேதான். குழந்தைக்குப் பயம் தண்ணீர் முகத்தில் வழிந்து மூச்சு முட்டுவதும், கண் எரிவதும். இரண்டையும் தடுத்துவிட்டால் தலைக்குளியலில் சண்டை இருக்காது.

குழந்தை குனிந்தால் தண்ணீர் முகத்துக்கு வரும். நிமிர்ந்தால் முதுகுக்குப் போகும். ஆகவே அதை மேலே பார்க்கவைக்க வேண்டும். ‘மேலே பார்’ என்று சொன்னால் பார்க்காது. மேலே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். நம் குளியலறைகளில் கூரையோரம் ஒரு பல்லி நிரந்தரக் குடியிருப்பு வைத்திருக்கும். ‘பல்லி இன்றைக்கு எங்கே இருக்கிறது?’ என்றால் தலை தானாக நிமிரும். பல்லி இல்லாத சுத்தமான வீட்டுக்காரர்கள் ஒரு மீன் படத்தை உத்தரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் இடது கையை நெற்றியில் விளிம்புபோல வைத்து, வலது கையால் உச்சிக்குப் பின்னால் ஊற்றுங்கள். உயரத்திலிருந்து வேண்டாம், குவளை தலையைத் தொட்டுக்கொண்டே சரியட்டும். மூன்று வயதுக் குழந்தையிடம் நான்காக மடித்த உலர்ந்த துணியைக் கொடுத்துக் கண்ணை அழுத்தி மூடிக்கொள்ளச் சொல்லலாம்.

ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். ‘தங்கம், மூன்று குவளைதான். ஒன்று வருகிறது.’ மூன்று என்று சொன்னால் மூன்றுதான். நுரை போகவில்லையே என்று நான்காவதைச் சேர்த்தால் நாளை உங்கள் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. வேண்டுமானால் முதலிலேயே ஐந்து என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஊற்றுவதற்கு முன் குழந்தையை உங்கள் தலையில் ஒரு குவளை ஊற்றவிடுங்கள். நீங்கள் கொஞ்சம் அலறி நடித்தால் இன்னும் நல்லது.

தினமும் தலைக்கு ஊற்ற வேண்டிய அவசியமில்லை. ஷாம்பு வாரம் இரண்டு முறை போதும், சுண்டைக்காய் அளவு போதும்.

எண்ணெய் தேய்க்கும் நாள்

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ள வீடுகளில் அன்று விளையாட்டு வேறு மாதிரி இருக்க வேண்டும். எண்ணெய் பூசிய குழந்தை மீன்போல வழுக்கும், தரையும் வழுக்கும். அன்றைக்கு நின்று விளையாடும் எதுவும் வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதைக் கூடத்தில் பழைய போர்வை விரித்து முடித்துவிடுங்கள். வயிற்றில் வட்டம் போடுவது, விரல் விரலாகப் பெயர் சொல்லி நீவுவது, குழந்தை உங்கள் முழங்காலுக்குத் தேய்ப்பது, இவையே போதிய வேடிக்கை. பிறகு தூக்கிக்கொண்டுபோய் முக்காலியில் உட்காரவைத்து ஒரு கையால் பிடித்தபடியே ஊற்றுங்கள். சிகைக்காய் கண்ணில் பட்டால் பொல்லாத எரிச்சல். சிறு குழந்தைக்குப் பாசிப்பயற்று மாவோ மிதமான ஷாம்புவோ நல்லது.

காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், மூக்கில் ஊதுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பெரிய தொல்லை. வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்தினால் விவாதத்தில் இறங்காதீர்கள். ‘அத்தை, காலுக்கு நீங்கள் தேய்த்துவிட்டால்தான் அவனுக்குப் பிடிக்கிறது. காதில் மட்டும் வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்று பழியை டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். சாம்பிராணிப் புகையையும் குழந்தையின் முகத்துக்கு நேராகக் காட்ட வேண்டாம். மணம் வேண்டுமென்றால் அறையில் முன்கூட்டியே காட்டிவிட்டு, புகை அடங்கியபின் குழந்தையை அழைத்து வரலாம்.

நுரை வராத ஊரில்

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. நுரை விளையாட்டு சொல்லித் தரும் குறிப்புகளெல்லாம் அங்கே பலிக்காது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படிந்துவிடும். குடிக்கிற கேன் தண்ணீர் ஒரு டம்ளரில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்புவைக் கலக்கினால் போதும், அந்தத் தண்ணீரில் நுரை பொங்கும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி அதில் தோய்த்து நீங்கள் ஊதினால் குமிழி வரும். குழந்தையை உறிஞ்சுகுழலால் ஊதவிடாதீர்கள், ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடும்.

வெளியே வரமாட்டேன் என்றால்

மேலே சொன்னதெல்லாம் பலித்துவிட்டால் வரும் அடுத்த தலைவலி இது. குளிக்க வராத குழந்தை இப்போது வெளியே வராது. முடிப்பதையும் குழந்தையின் வேலையாக்கிவிடுவதுதான் வழி. ‘இன்னும் மூன்று டீ, பிறகு கடையை மூடலாம்’ என்று சொல்லுங்கள். மூன்றாவது டீ முடிந்ததும் பேசினைக் குழந்தையே கவிழ்க்கட்டும். தண்ணீர் சுழன்று ஓடைக்குள் போவதை டாட்டா சொல்லி வழியனுப்பும். நீங்கள் பேசினைப் பிடுங்கினால் ரகளை. அதுவே கவிழ்த்தால் வெற்றி. சோப்புக் கலக்காத தண்ணீர் ஒரு குவளை மிச்சமிருந்தால், துணி மாற்றியபின் பால்கனிச் செடிக்கு ஊற்றுவது இன்னொரு வேலை. அதற்காகவே சீக்கிரம் துடைத்துக்கொள்ளச் சம்மதிக்கும்.

துண்டைத் தயாராக விரித்து வைத்திருங்கள். கதவைத் திறப்பதற்கு முன் கூடத்து மின்விசிறியை அணைக்கச் சொல்லிவிடுங்கள். ஈர உடம்பில் காற்று பட்டால் குழந்தை நடுங்கும், அந்த நடுக்கம்தான் மறுநாள் குளியலை நினைத்ததும் முதலில் ஞாபகத்துக்கு வரும். விரல் நுனி சுருங்கிவிட்டதென்றால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

பொம்மைகளைக் கவனியுங்கள்

அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்துகளின் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும். சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள் பல வீடுகளில் பயன்படுத்திய குளியல் பொம்மைகளை வெட்டிப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், உட்புறம் பாக்டீரியாப் படலமும் பல பொம்மைகளில் கறுப்புப் பூஞ்சையும் படிந்திருந்ததைக் காட்டினார்கள். அந்தத் தண்ணீரைத்தான் குழந்தை தன் வாய்க்குள் பீய்ச்சிக்கொள்கிறது. ஆகவே வாத்து வாங்குவதென்றால் அடியில் ஓட்டை இல்லாத வாத்தாக வாங்குங்கள். 1992 ஜனவரியில் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா போன கப்பலிலிருந்து பசிபிக் கடலில் விழுந்த ஏறத்தாழ 28,800 குளியல் பொம்மைகள் ஆண்டுக்கணக்கில் மிதந்து பல கரைகளில் ஒதுங்கியதற்குக் காரணமும் அதுதான்: அவற்றில் ஓட்டை இல்லை, உள்ளே தண்ணீர் போகவில்லை.

குளியல் முடிந்ததும் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசி, காய்கறி வாங்கும் வலைப்பையில் போட்டு வெயில் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். நாரும் பஞ்சும் சீக்கிரம் நாறும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பாட்டில் பாசி பிடித்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள். பெரிய வாளியில் மிச்சமிருக்கும் தண்ணீரை வைத்திருக்காதீர்கள். கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள், கழிப்பறைக்கு வேண்டுமென்றால் இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் ஊற்றுங்கள். தண்ணீர் வராத நாட்களுக்காக வாளி வாளியாக நிரப்பி வைக்கும் வீடுகளில் குளியலறைக் கதவு எப்போதும் வெளித்தாழ் போட்டே இருக்க வேண்டும்.

எதுவும் பலிக்காத நாள்

ஒன்றரை வயதுக்கு மேல், நேற்றுவரை துள்ளிக்கொண்டு வந்த குழந்தை திடீரென்று குளியலறை வாசலிலேயே அலறும். பல வீடுகளில் நடப்பதுதான். அப்போது இழுத்துக்கொண்டு போனால் இரண்டு நாள் பிடிவாதம் இரண்டு மாதம் ஆகும். பேசினைக் கூடத்துக்கோ பால்கனிக்கோ கொண்டுவந்து, துணியோடே விளையாட விடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, கால் இவற்றைத் துடைத்துவிட்டால் அன்றைக்குப் போதும். யானையையும் அதே துண்டால் துடைக்கட்டும். காய்ச்சல் நாளிலும் இப்படியே செய்யலாம்.

ஆனால் தலையில் தண்ணீர் பட்டதும் காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ, சோப்புப் பட்ட இடம் சிவந்து அரித்தாலோ, சிறுநீர் போகும்போதும் அழுதாலோ அது பிடிவாதம் இல்லை. விளையாட்டை ஒதுக்கிவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.